ஒரு தீவு, ஒன்பது முகங்கள்

ஆடித்தபசு நாளன்று சங்கரன்கோவிலில், நம் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவரின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர் அவர். பிளேன்டீ தந்துவிட்டுச் சொன்னார்: "அங்க எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க ஐயா, இங்க சிலோன்காரங்கன்னு சொல்றாங்க." நாம் தலைகுனிந்தோம். அப்படி அழைத்தவர்களுள் நாமும் ஒருவர்.

இலங்கை என்றதும் ஒரே நிறத்தைக் காண்பது நம் வழக்கம். அதன் ஒன்பது மாகாணங்களுக்கோ ஒன்பது முகங்கள். வடக்கே பனங்கூடல், கிழக்கே தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர்கள், மேற்கே நீர்கொழும்பில் தமிழும் சிங்களமும் பேசும் கத்தோலிக்க மீனவர், மத்தியிலும் ஊவாவிலும் தேயிலைச் சரிவுகள். வட மாகாணத்து மடுத் திருத்தலத்திலோ, அன்னையின் முன் இரு மொழிகளிலும் செபம் எழுகிறது.

1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தம், மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எண்ணிக்கைக்கு முகம் தெரியாது.

இவ்வூர்க் கோவிலில் அரியும் அரனும் ஒரே திருமேனியாய் நிற்கின்றனர். ஒரு பாதி மறுபாதியை விழுங்கவில்லை. இங்கேயே வாழ்ந்தும் நாம் அதனைக் கற்கவில்லை.

விடைபெறுகையில் அம்மூதாட்டியின் பெயரைக் கேட்டோம். இத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை.