கஜபதித் தீவை என்ன செய்யறது?

போகாத ஊருக்கு வழி சொல்றதுன்னு நம்ம பக்கம் ஒரு கிண்டல் உண்டு. இல்லாத ஊருக்கு மேப் போட்டு, அதுல எல்லைத் தகராறும் பண்ணி, பஞ்சாயத்தும் கூட்டுற ஆட்களைப் பத்தி இன்னிக்குக் கொஞ்சம் பேசலாம்.

தனி ஆள் கற்பனை பண்ற ஊர்னா பிரச்சினையே இல்லை. ஆர்.கே. நாராயண் 1930ல பெங்களூர்ல உட்கார்ந்து யோசிச்சப்போ ஒரு ரயில்வே ஸ்டேஷனும் மால்குடிங்கற பேரும்தான் முதல்ல வந்ததாம். 1935ல 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வந்த பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல அந்த ஊர் வளர்ந்துக்கிட்டே இருந்தது. சரயு ஆறு, மெம்பி மலைன்னு கதைக்கு வேணுங்கறது வேணுங்கற இடத்துல முளைச்சுது. கேட்க ஆள் ஏது? கதைகளைப் படிச்சு மால்குடிக்கு மேப் போட்டது ஜேம்ஸ் ஃபென்னெல்லிங்கற ஒரு வெளிநாட்டு ஆய்வாளர்.

நாலு பேர் சேர்ந்து ஒரு உலகத்தைக் கட்டி, ஆளுக்கொரு நாட்டுக்கு ராஜா வேஷம் போட்டு விளையாடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்குது. எங்க வீட்டுல இப்போ அப்படி ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு.

புனேவுல எங்க அபார்ட்மென்ட் பசங்க அஞ்சு பேர், மூணு வருஷம் முன்னாடி ஒரு மழைக்காலத்துல கீழே இறங்க வழியில்லாம ஆரம்பிச்ச விளையாட்டு. பழைய காலண்டர் தாளோட பின்பக்கம்தான் முதல் மேப். ஆளுக்கொரு நாடு. என் பொண்ணோட நாட்டுத் தலைநகரம் பேரு பொடிதோசை (ஏன்னு கேட்காதீங்க, தங்கமணி கைவண்ணம் :-)). புவனேஸ்வர்லேருந்து வந்த ஒடியாப் பையன் கிழக்குக் கடல்ல ஒரு தீவை வளைச்சு அதுக்கு கஜபதின்னு பேர் வச்சான். அப்புறம் ஒரு குடும்பம் ஹைதராபாத் போச்சு, ஒண்ணு குர்காவ்ன் போச்சு. விளையாட்டு மட்டும் நிக்கலை, போன்ல தொடர்ந்துச்சு. தாள் மேப் கம்ப்யூட்டருக்கு ஏறிச்சு.

அங்கேயும் சோதனை. பெயிண்ட்ல வாளியைக் கவிழ்த்து நாட்டுக்குக் கலர் கொட்டுறாங்க இல்லையா, எல்லைக்கோட்டுல ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தாலும் கலர் ஒழுகி அடுத்த நாடு, கடல் எல்லாம் ஒரே பச்சை. ஜேபெக்ல சேமிச்சா இன்னும் மோசம், கோட்டோரமெல்லாம் அழுக்குப் புள்ளியா வரும், வாளி சரியா நிரப்பாது. பிஎன்ஜில வைங்கடான்னு சொல்லிக் கொடுத்ததுதான் என் ஒரே பங்களிப்பு. இல்லை, இன்னொண்ணும் உண்டு. ஒரு பையன் தன் ஆத்தை மலையிலேருந்து இறங்கும்போதே மூணாப் பிரிச்சு மூணு கடலுக்கு விட்டிருந்தான். ஆறுன்னா ஒண்ணோட ஒண்ணு சேரத்தான் செய்யும், பிரியறதெல்லாம் பெரும்பாலும் கடல் பக்கம் டெல்டாவுலதான்னு முக்கொம்புல காவிரியும் கொள்ளிடமும் பிரியற கதையைச் சொன்னேன். மலைக்கு ஒரு பக்கம் மழை, மறுபக்கம் காய்ச்சல்ங்கறது மட்டும் புனேப் பசங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கலை. லோனாவ்லா போற வழியிலேயே பார்த்துடறாங்களே.

இப்போ விஷயம் என்னன்னா, அந்த ஒடியாப் பையன் குடும்பமும் ஊருக்கே திரும்பிப் போயாச்சு. நாலு மாசமா அவன்கிட்டேருந்து சத்தமே இல்லை. பசங்க முன்னாடியே போட்ட சட்டப்படி ரெண்டு மாசம் வாயைத் திறக்காதவங்க நாடு கடலாயிடும். அழிக்கணும்னு ரெண்டு பேர், கூடாதுன்னு ரெண்டு பேர். என் பொண்ணு கூடாது கட்சி.

இந்தப் பஞ்சாயத்து கிட்டத்தட்ட இருநூறு வருஷப் பழசு. 1826 ஜூன்ல இங்கிலாந்துல ஹாவொர்த் ஊர்ப் பாதிரியார் லீட்ஸ் போயிட்டு வரும்போது பையனுக்கு 12 மரச் சிப்பாய் பொம்மை வாங்கிட்டு வந்தார். சார்லட்டுக்கு 10 வயசு, பிரான்வெல்லுக்கு 8, எமிலிக்கு 7, ஆனுக்கு 6. ஆமாம், பின்னாடி நாவல் எழுதிப் பேர் வாங்கின அதே பிராண்டி சகோதரிகள்தான். ஆளுக்கொரு சிப்பாய், ஆளுக்கொரு நாடு, ஆப்பிரிக்காவோட மேற்குக் கரையில கிளாஸ் டவுன்னு ஒரு ராஜ்ஜியக் கூட்டமைப்பு. மேப் போட்டது பிரான்வெல். 1831 ஜனவரியில சார்லட் ஸ்கூலுக்குன்னு வெளியூர் போனா. பெரியவ கிளம்பினதும் சின்னவங்க ரெண்டு பேரும் தனிக்கடை போட்டாங்க. வட பசிபிக்ல காண்டல்னு ஒரு தீவு. சார்லட்டும் பிரான்வெல்லும் 1834ல கிளாஸ் டவுனுக்குக் கிழக்கே ஆங்க்ரியான்னு புது நாடு உண்டாக்கிக்கிட்டாங்க. ஒருத்தர் ஊரை விட்டுப் போனதுல உலகம் ரெண்டாச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆன் பண்ண வேலை. வீட்டுல இருந்த பூகோளப் புத்தகத்தோட ஊர்ப்பேர் பட்டியல்ல, நிஜ ஊர்களுக்கு நடுவுல காண்டலையும் பேனாவால எழுதி வச்சா! 1845ல எமிலியும் ஆனும் யார்க் நகரத்துக்குப் பயணம் போனப்போ வழியெல்லாம் காண்டல் ஆட்களா வேஷம் கட்டிக்கிட்டே போயிருக்காங்க. எமிலிக்கு அப்போ 26 வயசு. 'இன்னும் என்ன சின்னப்புள்ள விளையாட்டு'ன்னு பசங்களை அதட்டறவங்க கவனிக்க.

அடுத்தது அமெரிக்கா. 1970களோட ஆரம்பத்துல கேரி கைகாக்ஸும் கூட்டாளிகளும் 'கிரேட் கிங்டம்'னு ஒரு கற்பனை ராஜ்ஜியத்து மேப்பை வச்சு, சங்கத்து ஆட்களுக்குத் துண்டு துண்டாப் பங்கு போட்டாங்க. வடக்கு மூலை டேவ் ஆர்னெசனுக்கு. அவர் அங்கே நடத்தின பிளாக்மூர் ஆட்டத்திலேருந்துதான் 1974ல வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கிளைச்சுது. கைகாக்ஸ் தன் பங்குக்கு கிரேஹாக்னு ஒரு ஊர் போட்டார். முதல்ல ஆடினது அவர் பெத்த பிள்ளைங்க ரெண்டு பேர்தான். அந்த உலகத்தை அச்சுல போடலாம்னு வந்தப்போ, உங்ககிட்ட ஓடக்கூடிய பெரிய தாள் எதுன்னு விசாரிச்சாராம். 34க்கு 22 அங்குலம்னு பதில். அந்த அளவுல ரெண்டு தாள் எடுத்து அதுக்குள்ள கண்டத்தை அடக்கிட்டார். அதாவது உலகத்தோட விளிம்பு எங்கேன்னு முடிவு பண்ணினது அச்சு மெஷின்!

1976லேயே ஆர்னெசன் கம்பெனியை விட்டு விலகிட்டார். 1979ல ராயல்டி கேட்டு கோர்ட்டுக்கும் போனார். கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, 1980ல கிரேஹாக் மேப் வெளியாச்சு. அதுல வடக்கு மூலையைப் பார்த்தா.. பிளாக்மூர் அப்படியே இருக்கு. ஆளோட சண்டை, ஆனா அவர் ஊரை அழிக்கலை. அப்புறம் கைகாக்ஸே கம்பெனியை விட்டு வெளியேற வேண்டியதாச்சு. கிரேஹாக் கம்பெனிகிட்டயே தங்கிடுச்சு.

இன்டர்நெட் வந்த பிறகு இதுக்கெல்லாம் கறார் சட்டம் வந்தாச்சு. மேக்ஸ் பேரிங்கற ஆஸ்திரேலிய நாவலாசிரியர் 2002ல தன் நாவலுக்கு விளம்பரமா 'நேஷன்ஸ்டேட்ஸ்'னு ஒரு ஆட்டம் ஆரம்பிச்சார். ஆளுக்கொரு நாடு கிடைக்கும், ஆனா அது எங்கே இருக்குன்னு மேப் கிடையாது. ஆடறவங்களே கோஷ்டி சேர்ந்து கண்டம் வரைஞ்சுக்கிட்டாங்க. அப்படிப்பட்ட கோஷ்டிகள்ல மேப்புக்குன்னே பொறுப்பா ஒருத்தர் இருப்பார், நம்ம ஊர் வி.ஏ.ஓ. மாதிரி. புதுசா வர்றவங்க மனு போடணும், காலி இடத்துல பட்டா கிடைக்கும். 28 நாள் எட்டியே பார்க்கலைன்னா அந்த நாடு ஆட்டத்திலேருந்து மறைஞ்சுடும் (விடுமுறைன்னு சொல்லிட்டுப் போனா 60 நாள்). ஆள் திரும்பி வந்தா உயிர் கொடுத்துக்கலாம், ஆனா அதுக்குள்ள மேப்புல அந்த இடத்துக்கு வேற யாராவது கலர் அடிச்சிருக்கலாம்.

அழிக்கணும்ங்கற கட்சியில நியாயம் இல்லாம இல்லை. பேச ஆளில்லாத நாட்டோட வியாபாரமும் பண்ண முடியாது, சண்டையும் போட முடியாது. புதுசா சேர வர்ற பிள்ளைக்கு இடமும் வேணும். ஆனா என் பொண்ணு கேட்டா பாருங்க, "அப்பா, கஜபதிலேருந்து வந்த கப்பல் பொடிதோசைல நிக்குதே, தீவை அழிச்சா அந்தக் கப்பல் எங்கேருந்து வந்ததா ஆகும்?" நாலு பேருமே அவங்கவங்க கதையில அந்தத் தீவுக்குப் போய் வந்திருக்காங்க. அவன் மட்டும் தனியா அழிய மாட்டான். நான் அவ கட்சிதான், ஓட்டுதான் இல்லை.

போன வாரம் தற்காலிகமா ஒரு ஏற்பாடு. தீவுக்குக் கலரை எடுத்துட்டுச் சாம்பல் அடிச்சாச்சு. பேர் இருக்கும். கப்பல் போகும், ஆனா கரையில இறங்கக்கூடாது. பையனோட அப்பா நம்பர் என்கிட்ட இருந்தது, கூப்பிட்டேன். "எக்ஸாம் சார், முடியட்டும்"னார்.

நிற்க. எனக்கு ஆபீஸ்ல ஆணி கூடிக்கிட்டே போகுது, ஜூன்ல நாக்பூர்ங்கறாங்க. தங்கமணிக்குத் தெரியும். பொண்ணுகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை சொல்றதா இருக்கோம். நேத்து ராத்திரி அவ புது மேப்ல பொடிதோசைக்கு ரெண்டாவது துறைமுகம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா.