சிற்றில்

"மேடம், இதை வச்சு நான் என்ன பண்ணணும்?" என்று கேட்காமல் என் அறையில் உட்கார்ந்த பெரியவர்கள் குறைவு. முப்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேலாளராக இருப்பார், அல்லது இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த அம்மாவாக இருப்பார். மணல் பரப்பிய தட்டையும், அதன் பின்னால் அலமாரி நிறைய நிற்கும் பொம்மைகளையும் பார்த்ததும் குரல் இறங்கிவிடும், கை மடிக்குப் போய்விடும். "ஒண்ணும் பண்ணணும்னு இல்ல, சும்மா தொட்டுப் பாருங்க" என்பேன். பதினோரு வருடமாக அதே பதில்தான்.

அல்சூர் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அறை. தட்டு 72 செ.மீ. நீளம், 57 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம். தலையைத் திருப்பாமலே முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும் அளவு அது. உள்பக்கம் நீலச் சாயம் பூசியிருக்கும். விரலால் மணலை விலக்கினால் தண்ணீர் தெரிகிற மாதிரி. பெங்களூரில் மணல் கிடைப்பதுதான் பெரும்பாடு. கட்டடம் எழும்பும் இடமெல்லாம் எம்-சாண்ட். கல்லை உடைத்துச் செய்வதால் முனை கூராக இருந்து உள்ளங்கையைக் கீறும். தெரிந்த மேஸ்திரி ஒருவர் கொடுத்த பழைய ஆற்றுமணல் அரை மூட்டையை மூன்று தரம் சலித்து, அலசி, மொட்டை மாடியில் காயவைத்து எடுத்தேன். இன்றும் அதேதான் புழங்குகிறது.

இந்த மணல்தட்டுச் சிகிச்சை முறையின் ஆரம்பம் 1920களின் கடைசியில், லண்டனில். மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர், எச்.ஜி. வெல்ஸ் 1911இல் எழுதிய 'ஃப்ளோர் கேம்ஸ்' புத்தகத்தை நினைவில் வைத்து, சின்னச் சின்னப் பொருட்களையும் மணலையும் குழந்தைகள் முன்னால் வைத்தார். அவரிடம் கற்ற சுவிட்சர்லாந்துக்காரர் டோரா கால்ஃப், அதை மனநல மருத்துவர் யுங்கின் சிந்தனையோடு இணைத்து வளர்த்தார். யுங்கே 1913இல் ஃப்ராய்டோடு உறவு முறிந்து நிலைகுலைந்திருந்த காலத்தில், ஏரிக்கரையில் கல் பொறுக்கிக் குட்டிக் கிராமம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கிய பெயர்பெற்ற மருத்துவர், தினமும் சாப்பாடு முடிந்ததும் போய்க் கட்டினார். கூச்சப்படுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு கை நீளும்.

எனக்கு யுங்கைவிட நெருக்கம் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைக் கலைத்துவிடாதே என்று பெண்கள் கண்ணனிடம் மன்றாடுகிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவமாகவே இருக்கிறது. மணலில் வீடு கட்டுகிறவர் மனது எவ்வளவு மெல்லியது என்று தமிழுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சிற்றில் கட்டுவது வந்தவர் வேலை, கலைக்காமல் இருப்பது என் வேலை. கலைக்கக் கால் வேண்டியதில்லை, வாயே போதும்.

என் வாயாலும் ஒரு வீடு கலைந்திருக்கிறது. தொழிலுக்கு வந்து இரண்டாம் வருடம். தூக்கமில்லை என்று வந்த ஓர் இளைஞர். (இங்கே நான் குறிப்பிடும் எல்லாருடைய அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன்.) ஒயிட்ஃபீல்டில் வேலை, சேலம் பக்கம் ஊர். அரை மணி நேரம் மணலைத் தள்ளித் தள்ளி ஒரு ரோடு போட்டார். அதன் நடுவில் லாரியை நிறுத்தினார். ஓரத்தில் ஓர் ஆள் பொம்மை, முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்குப் புரிந்துவிட்டது என்ற அவசரத்தில், "அது உங்க அப்பாவா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். இரண்டு கையாலும் மணலைச் சமமாக இழுத்துவிட்டு, "அப்படில்லாம் ஒண்ணுமில்ல மேடம், சும்மா" என்றார். மூன்று வாரம் வரவில்லை.

திரும்பி வந்தது அவருடைய பெருந்தன்மை. அன்றும் லாரியையே எடுத்தார். "லாரி எங்க போகுது?" என்று மட்டும் கேட்டேன்.

"போகல. நிக்குது."

"எதுக்கு நிக்குது?"

"லோடு இறக்க ஆள் வரல."

அதற்கு மேல் நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அந்த ஆள் வர ஐந்து வாரம் ஆயிற்று. அப்பாவைப் பற்றி அவராகவே பேசியது அதற்கும் பிறகு. அதுவரை 'ஸ்ட்ரெஸ்', 'ஆங்ஸைட்டி' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று சேலத்துத் தமிழில் அழுதார். பொம்மையின் கதைக்குள்ளேயே நின்று கேட்பதும், அதை விளக்கத் துடிக்கும் நாக்கை அடக்குவதும் புத்தகத்தில் இரண்டு வரி. எனக்கு வசப்பட வருடங்கள் ஆயின. விளையாட முடியாதவரை விளையாடும் நிலைக்குக் கொண்டுவருவதே சிகிச்சையாளரின் வேலை என்று 1971இல் உளப்பகுப்பாய்வாளர் வினிகாட் எழுதினார். வந்தவர் முந்திக்கொண்டு விளையாடும்போது அதற்கு இடம் விடத் தெரியாமல் இருந்தது நான்தான்.

மணல் மருந்துக்கு மாற்று என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த இளைஞர் மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் வந்தார். பிரமைகள் முற்றிய நிலையில் இருப்பவரை மணல் மேலும் கலங்கடிக்கலாம். அப்படிப்பட்டவரைத் தட்டின் முன் உட்கார வைக்க மாட்டேன், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு அனுப்புவேன். நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான சிக்கல் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. பணம், தூரம், வெட்கம் எல்லாம் காரணம்தான். நடப்பதைச் சொல்ல வார்த்தை வராமல் நிற்பவர்களும் அந்த எண்ணிக்கையில் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்காகத்தான் இந்தத் தட்டு.

அலமாரியை நிரப்பியது தனிக் கதை. முதலில் வாங்கிய வெளிநாட்டுப் பெட்டியில் கோட்டை, கலங்கரை விளக்கம், பனிமனிதன் எல்லாம் இருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. பிறகு சன்னபட்ணா போனேன். மைசூரு ரோட்டில் 60 கிலோமீட்டர். பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குச் சாயத்தை அழுத்தி ஏற்றுகிறார்கள். உருண்டையான ஆள்கள், மாட்டுவண்டி வாங்கினேன். பண்ருட்டி மண்பொம்மைகள், சொப்பு, குட்டி அம்மி, ஆட்டோ, மரப்பாச்சி ஜோடி. அம்மியைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள்.

என்ன பண்ணணும் என்று கேட்காமல் உட்கார்ந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். அறுபது தாண்டிய அம்மா, அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் போய் ஏழு மாதம். சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று மகள் அழைத்து வந்தார். அம்மா தட்டைப் பார்த்தார்.

"கொலுல பார்க் வைப்போமே, அதானேம்மா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பெரியவர்களுக்கு எங்கே விளையாட்டு என்று பயிற்சிக் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒன்பது நாள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. நாம் கொலு என்கிறோம், கன்னடத்தில் கொம்பெ ஹப்பா. மண்ணைப் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, செட்டியார் பொம்மை முன்னால் பருப்பைக் குவித்து ஓர் உலகத்தையே கட்டுகிற பெண்களிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. துக்கம் நடந்த வீடு என்பதால் அந்த வருடம் அவருக்குக் கொலு இல்லை.

என்னிடம் ஈரமணல் தட்டு ஒன்றும் உண்டு. அதைத்தான் கேட்டார். அடுத்த வாரம் முந்தானையில் ஒரு கைப்பிடி கேழ்வரகு முடிந்து கொண்டுவந்தார். நாற்பது நிமிடம் வேலை செய்தார். குளம், குளத்தைச் சுற்றி வரப்பு, வரப்புக்கு வெளியே கேழ்வரகு. மரப்பாச்சி ஜோடியில் பெண்ணை மட்டும் கரையில் நிறுத்தினார். ஆணைக் கையில் வைத்திருந்து, கிளம்பும்போது அலமாரியில் தன் இடத்திலேயே திரும்ப வைத்தார். நான் எதையும் கேட்கவில்லை.

வந்தவர் கிளம்பிய பிறகு தட்டைக் கலைத்துச் சமப்படுத்துவது வழக்கம். அவர் எதிரில் கலைக்கக் கூடாது, அடுத்தவர் பார்க்கவும் விடக் கூடாது. அன்று எனக்குக் கை வரவில்லை. ஈரத்தட்டைத் துணி போட்டு மூடி உள்ளறை ஜன்னலோரம் வைத்தேன். தினமும் காலையில் தண்ணீர் தெளித்தேன். நான்காம் நாள் பச்சை எட்டிப் பார்த்தது.

வியாழக்கிழமை அம்மா வந்ததும் எடுத்துவந்து முன்னால் வைத்தேன். குனிந்து, விரல் நுனியால் முளைகளைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி விட்டிருக்கேம்மா. இந்தப் பக்கம் அழுகிப் போச்சு பாரு" என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.