அடுத்தவர் கையில் சாவி

பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் கேரளத்தை விட்டு வெளியேற வேண்டும். ஆனைமலைத் தொடரின் நடுவே இருக்கும் இந்த ஏரிக்கரைக் கிராமம் பாலக்காடு மாவட்டம், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் சொந்த மாவட்டத்திலிருந்து வண்டி போகும் நேர்வழி கிடையாது. பொள்ளாச்சிக்கு வந்து, சேத்துமடையில் தமிழக வனத்துறைச் சாவடியைத் தாண்டி, டாப்சிலிப்புக்கு மலையேறி, ஆனப்பாடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். இரண்டு சாவடிகள், இரண்டு கட்டணங்கள்.

வழி மட்டுமல்ல, ஏரியும் அப்படித்தான். நிலம் கேரளத்துடையது. அணையைக் கட்டியதும் இன்றுவரை பராமரிப்பதும் தமிழகப் பொறியாளர்கள். முதல்வர் காமராஜர் காலத்தில் தொடங்கிய பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் பெரிய தண்ணீர்த் தொட்டி இதுதான். கொள்ளளவு 17.82 டி.எம்.சி. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த நீர், சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்குப் போகிறது. அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு, கால்வாயில் திருமூர்த்தி அணையை அடைகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் இத்திட்டத்தை நம்பியிருக்கிறது.

பதிலுக்குக் கேரளத்துக்கு என்ன? சோலையாற்றில் ஒரு பங்கு. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதத்தில். ஆனால் 1958 நவம்பர் 9 முதலே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. 30 ஆண்டுகளில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் ஷரத்து. 1988-ல் நடந்திருக்க வேண்டிய அந்த வேலைக்காக, 2019 செப்டம்பரில்தான் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைக்க முடிவெடுத்தார்கள்.

அணைக்கு முன்பே இந்தக் காட்டில் வெளியாரின் கை விழுந்துவிட்டது. 1907-ல் கொச்சி சமஸ்தானம் இங்கிருந்து சாலக்குடிக்கு டிராம் பாதை போட்டது. நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றிய பெட்டி கீழே இறங்கும்போது, அதன் பாரமே கம்பியின் மறுமுனையில் இருக்கும் காலிப் பெட்டியை மேலே இழுத்துவிடும். தேக்கும் ஈட்டியும் இப்படித்தான் கொச்சித் துறைமுகத்தை அடைந்தன. 1933-ல் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி தங்கிய குரியார்குட்டியும் இந்தப் பாதையில் இருந்த ஊர்தான். டிராம் போய்விட்டது. காட்டுக்குள் அதன் தடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

கோடாலிக்குத் தப்பிய தேக்கும் ஒன்று உண்டு. தூணக்கடவு அருகே நிற்கும் கன்னிமரா தேக்கின் அடிமரச் சுற்றளவு சுமார் 7 மீட்டர். வயது 400-க்கு மேல் என்கிறார்கள். வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டது, ஆகவே கன்னித் தெய்வமாக வணங்குகிறோம் என்பது பழங்குடியினர் சொல்லும் கதை. 1994-95-ல் மத்திய அரசு இதற்கு மகாவிருட்ச விருது கொடுத்தது.

காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோர்தான் இங்குள்ள பழங்குடியினர். டிராமுக்கும் அணைக்கும் எல்லைக்கோட்டுக்கும் முன்பிருந்தே இருப்பவர்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த காடர் இளைஞர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். வீட்டில் பேசுவது எது என்று கேட்டேன். "ரெண்டும் இல்லீங்க, எங்க பேச்சு" என்றார். மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கும் எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

2010-ல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமானது. வருமானத்துக்குச் சுற்றுலா வந்தது. வழி மட்டும் வரவில்லை. 2020-ல் கொரோனா காலத்தில் எல்லைச் சாவடிகளில் கெடுபிடி ஏறியபோது, வெளியே போகவும் அடுத்த மாநிலத்தின் தயவு தேவை என்பது உறைத்தது. அந்த ஆண்டு காந்தி ஜயந்தியன்று, முதலமடை ஊராட்சியின் தேக்கடிக் குடியிருப்பு மக்கள் (இது இடுக்கியின் தேக்கடி அல்ல) செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுவழி வெட்ட இறங்கினார்கள். காட்டைக் கீறினால் யானைக்கும் புலிக்கும் ஆகாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் லாரி லாரியாக மரம் போன காட்டில், பிரசவத்துக்குத் துடிக்கும் பெண்ணுக்கு ஒரு ஜீப் வழி கேட்டால்தானா அந்த நியாயம் நினைவுக்கு வர வேண்டும்?

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகு உடைந்தது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் பழைய வழியிலேயே சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. பொள்ளாச்சி விவசாயி தண்ணீர் போயிற்றே என்று பதறினார். சாலக்குடிக்காரர் தண்ணீர் வருகிறதே என்று பதறினார். ஏரிக்கரையில் இருப்பவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாலையில் சேத்துமடைக்கு இறங்கினோம். எங்களுக்கு அது ஒரு நாள் பயணத்தின் கடைசிச் சாவடி. பரம்பிக்குளத்துக்காரருக்குத் தன் மாவட்டத் தலைநகருக்குப் போகும் வழியில் இரண்டாவது சாவடி.