சுரங்கம் தோண்டாத மலை

சயாம் மரண ரயில் என்று சொன்னதும் இருட்டுச் சுரங்கமும் அதற்குள் துருப்பிடித்துக் கிடக்கும் தண்டவாளமும் நம் மனதில் வந்துவிடுகின்றன. தாய்லாந்தின் ஹெல்ஃபயர் கணவாயில் அப்படி எதுவும் இல்லை. மலையை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து போட்டிருக்கிறார்கள். நீளம் சுமார் 75 மீட்டர். ஆழம் 25 மீட்டர் வரை போகிறது. நிமிர்ந்தால் வானம் தெரிகிறது, மூங்கில் தலையாட்டுகிறது.

இவ்வளவு பாறையை ஏன் மேலிருந்து வெட்டி எடுக்க வேண்டும்? குடைந்துகொண்டு போனால் வேலை குறைவுதானே? கிணறு வெட்டுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. விடை எளிது. சுரங்கம் தோண்டினால் இரண்டு முனையில் மட்டுமே ஆள் நிற்க முடியும். திறந்து வெட்டினால் மலையின் மேல் எங்கு வேண்டுமானாலும், எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கு இந்தப் பாதையைப் போட்ட ஜப்பானிய ராணுவத்திடம் இயந்திரம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு, ஆள் மட்டும் தாராளம். ஆளைக் கொட்டி நேரத்தை வாங்கினார்கள்.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் காலையில் புறப்படும் சாதாரண ரயிலில் போனேன். மீட்டர் கேஜ். விழுப்புரம்–காட்பாடி வழியில் அகலப்பாதை வருவதற்கு முன் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஆட்டம் உடம்புக்குத் தெரிந்ததுதான். எங்கள் வல்லத்துக்கோ செஞ்சிக்கோ அந்த ஆட்டம்கூட வாய்க்கவில்லை. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை பாதைக்கு 2006-07 வாக்கில் ஒப்புதல் கிடைத்தது. ரயில்தான் இன்னும் வரவில்லை. நாங்கள் இருபது ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம். இங்கே 415 கிலோமீட்டர் பாதையைப் பதினாறு மாதத்தில் போட்டார்கள். 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். தாமதத்தைப் பற்றி நான் அதிகம் குறைபட்டுக்கொள்வதில்லை.

காஞ்சனபுரியில் ரயில் அந்தப் பெயர்பெற்ற பாலத்தைக் கடக்கும்போது எல்லோரும் கைப்பேசியோடு சன்னலுக்கு வந்துவிடுகிறார்கள். 1957-இல் வந்த ஆங்கிலப் படம் செய்த வேலை அது. படம் எடுத்தது இங்கே அல்ல, இலங்கையின் கித்துல்கலவில். இந்தப் பாதையில் உழைத்த தமிழ்க் கூலிகள் படத்தில் கிடையாது. பாலத்தைவிட எனக்குப் பிடித்தது தாம் கிராசே என்ற இடம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே மரச்சட்டங்களின் மேல் ரயில் ஊர்ந்து போகிறது. நாம் தோக்கில் பாதை முடிகிறது. அதற்கு அப்பால் பர்மா வரை போன தண்டவாளத்தைப் போருக்குப் பிறகு பிடுங்கிவிட்டார்கள். அங்கிருந்து பேருந்தில் கணவாய்க்குப் போகலாம்.

காடு மூடிக் கிடந்த இந்த இடத்தை 1980-களில் திரும்பத் தேடி வந்தவர் டாம் மோரிஸ் என்ற முன்னாள் ஆஸ்திரேலியப் போர்க்கைதி. அவருடைய முயற்சியால் ஆஸ்திரேலிய அரசு பாதையைச் சீர்செய்தது, 1998-இல் அருங்காட்சியகமும் திறந்தது. அதன் பின்புறப் படிகளில் இறங்கினால் பழைய ரயில் தடத்துக்கு வந்துவிடலாம். கால் வைக்கிற இடமெல்லாம் சரளைக்கல்.

வெட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பாறையில் மேலிருந்து கீழாகப் பாதிக் குழாய் போலத் தடங்கள். எங்கள் பக்கத்தில் இதைத் தமர் என்போம். ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பான், இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். குழி ஆழமானதும் மருந்தை வைத்து வெடிப்பார்கள். செஞ்சிப் பக்கம் கருங்கல், இங்கே பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. வேலை ஒன்றுதான். கிணற்று வேலையில் உளி பிடிக்கிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவே ஒரு கணக்கு உண்டு. கை தளர்ந்தால் அடிக்கிறவன் நிறுத்திவிடுவான், இல்லாவிட்டால் பிடிக்கிறவனுக்குக் கை இருக்காது. இங்கே அப்படி நிறுத்துகிற உரிமை யாருக்கும் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை ஆழம் என்று அளவு வைத்து, அதைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இரவில் மூங்கில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான உருவங்கள் பாறைமேல் அசைந்ததைப் பார்த்துத்தான் நரகத்தீக் கணவாய் என்று கைதிகள் பெயர் வைத்தார்கள்.

இந்த வெட்டில் பெரும் பங்கு ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளுடையது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் முழுப் பாதையை எடுத்துக்கொண்டால் கணக்கு புரண்டுவிடுகிறது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கு மேல், இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலான மதிப்பீடு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், அவர்களோடு மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்.

போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் பிழைப்பு போயிருந்த நேரம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர், சோறும் மருத்துவமும் இலவசம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராத இடத்தில் பிடித்தார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்கு வரவழைத்துக் கதவைச் சாத்தி அப்படியே ஏற்றிய கதையைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்குப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, இறக்கிவிட்டுக் காட்டுக்குள் நடத்தினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு மருந்து இல்லாவிட்டாலும் கூடவே சிறைப்பட்ட ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், யார் செத்தார் என்று ரகசியமாகக் குறித்து வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துக் கூலிக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்லக்கூட ஆளில்லை.

இந்த வித்தியாசம் காஞ்சனபுரி நகரத்தில் கண்ணெதிரே தெரிகிறது. போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிய புல், வரிசை பிசகாத கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. கொஞ்ச தூரத்தில் வாட் தாவோன் வராராம் என்ற பௌத்தக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கிய இடம் அது. பெயர் ஒன்றுகூட இல்லை. நம் மொழியில் இந்த நினைவைத் தாங்கி நின்றது நெடுங்காலம் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் போன்ற சில எழுத்துகள்தான். 2025-இல் தாய்லாந்துத் தமிழர்கள் முன்நின்று, தமிழ்நாடு அரசின் நிதியுதவியும் சேர்ந்து, அந்தக் கோயிலில் ஒரு நடுகல் வைத்தார்கள். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல்லைத் தென்பெண்ணைக் கரைப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லில் செத்தவன் பெயரும் யாருக்காகச் செத்தான் என்பதும் இருக்கும். இங்கே அந்த இரண்டாவது வரியை என்னவென்று எழுதுவது?

நடுகல்லுக்கு முன் மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் என்னைப் பார்த்து, “தம்பி தமிழ்நாடா? எந்த ஊரு?” என்றார்.

“செஞ்சி பக்கம்யா. வல்லம்.”

அவர் மகளைக் கூப்பிட்டார். தன் அப்பாவோட அண்ணன் இந்தப் பாதையில் போனவர், திரும்பவில்லை என்றார். குடும்பம் தென்னாற்காட்டிலிருந்து கங்காணியோடு கப்பலேறியது. ஊர்ப் பெயர் தெரியாது. “செஞ்சிக்குக் கிட்ட. வாசல்ல நின்னா மலை தெரியும், ஏரி உண்டுன்னு பாட்டி சொல்லும். அது எந்த ஊரா இருக்கும் தம்பி?”

செஞ்சியைச் சுற்றி வாசலில் நின்றால் மலை தெரியாத ஊர் எது? ஏரி இல்லாத ஊர்தான் எது? குலசாமி பெயர் தெரியுமா என்று கேட்டேன். அங்காளம்மன் என்றார். மேல்மலையனூர் அம்மனைக் கும்பிடாத வீடு எங்கள் பக்கம் அபூர்வம். அதைச் சொல்லாமல், பாட்டன் பெயரையும் கப்பலேறிய வருடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன். தைக்கு வருவதாகச் சொன்னார். மகள் என் எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு ரயில் இருக்கிறதா என்று கேட்டார்.