ஓர் அங்குலப் பூதம்

சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சு சுற்றிய ஓர் ஈயக் கோப்ளின், மேலைநாட்டுக் கதைகளில் வரும் குட்டிப் பூதம். ஓர் அங்குல உயரம், யாரோ பிடித்து இழுத்துவிட்டது போல மூக்கு, முனை இல்லாத ஈட்டி. காலடிப் பட்டையில் 1985 என்று பொடி எழுத்து. இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு பழைய சாமான் கடையில் ‘ஒயிட் டுவார்ஃப்’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் இதழ்கள் பெட்டி நிறையக் கிடைத்தன. பெட்டியின் அடியில் இதுவும் கிடந்தது. அந்த இதழ்கள் அச்சான காலத்தில் நான் மதுரையில் அம்புலிமாமா படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே என்னுடையது இரவல் ஏக்கம்தான். யாருடைய பால்யத்தையோ எடைக்கு வாங்கிவந்து அதற்காக உருகுகிறேன் என்பாள் மனைவி. நிஜமாகவே ஏதாவது உருகும் இடத்துக்குப் போய்ப் பார்ப்போமே என்று நாட்டிங்ஹாமுக்கு ரயில் ஏறினேன்.

எனக்கு நாட்டிங்ஹாம் முதலில் சைக்கிள் ஊர். தாத்தா கடைசிவரை துடைத்துத் துடைத்து வைத்திருந்த ராலே சைக்கிள் அங்கே செய்ததுதான். 2002இல் அந்த ஊரில் ராலே சைக்கிள் செய்வது நின்றது. அதற்கு முன்பே லேஸ் பின்னும் தொழில் ஒடுங்கியாயிற்று. சுற்றுவட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பதில் ஒன்று, மேசைமேல் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கான இந்தக் குட்டி உருவங்கள். வட்டாரம் முழுக்கச் சிறு வார்ப்புப் பட்டறைகள் இருப்பதால் ‘லெட் பெல்ட்’, அதாவது ஈயப் பட்டை என்று இத்தொழிலில் இருப்பவர்கள் செல்லமாகச் சொல்வார்கள்.

கதை லண்டனில் தொடங்குகிறது. இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் 1975இல் கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1977 ஜூனில் அவர்களுடைய ‘ஒயிட் டுவார்ஃப்’ முதல் இதழ் வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் பிரையன் ஆன்செல் என்பவரோடு சேர்ந்து, நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்து நியூவார்க்கில் ‘சிட்டடெல்’ என்ற பெயரில் உருவங்களை வார்க்கத் தொடங்கினார்கள். பிறகு ஈஸ்ட்வுட்டில், சூட்டன் தெருவில் ஒரு தொழிற்சாலை. ஈஸ்ட்வுட், டி.எச். லாரன்ஸ் பிறந்த சுரங்க ஊர். கரி வெட்டியவர்களின் ஊரில் கோப்ளின் வார்த்தார்கள்.

என் பெட்டியிலிருந்த இதழ்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது விளம்பரப் பக்கங்களைத்தான். புகைப்படம் அல்ல, ஒவ்வொரு உருவத்தையும் கறுப்பு மையில் கோட்டோவியமாக வரைந்து, பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள். பையன்கள் அந்த எண்ணைத் தாளில் எழுதிக் காசோலையோடு தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரப்போகும் பூதத்தைக் காத்திருக்கும் நாட்களில் மனசுக்குள் வார்த்துக்கொண்டிருப்பார்கள். முந்தைய இதழ்களில் எல்லாருடைய விளையாட்டுகளுக்கும் இடம் இருந்தது. டேவ் லாங்ஃபோர்ட் புத்தக விமர்சனம் எழுதினார், ‘த்ரட்’ என்ற முரடனின் படக்கதை வந்தது. 1980களின் இறுதியில் அது கம்பெனியின் சொந்தச் சரக்கைப் பற்றி மட்டும் பேசும் இதழாகிவிட்டது. தாள் பளபளத்தது, எனக்குச் சுவாரசியம் போய்விட்டது.

நான் போன பட்டறைக்காரர், பெயர் போட வேண்டாம் என்றார். ஒரு கார் பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. முகப்பவுடர் வாசனைதான் முதலில் வந்து மோதியது. ஈயம் தடையில்லாமல் ஓட அச்சில் டால்க் தூவுகிறார்கள். அறையை ஆள்பவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பதினெட்டு வயதிலிருந்து இதே வேலை. “வா டக்” என்றார். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரையும் ‘டக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் கோவைப் பக்கத்துக் ‘கண்ணு’ போல.

வேலை இப்படி நடக்கிறது. சிற்பி எபாக்சிப் பசையைப் பிசைந்து மூல உருவத்தைச் செய்வார். அதை இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்து, அழுத்தத்தில் சூடேற்றுவார்கள். டயர் கடைகளில் வல்கனைசிங் என்று எழுதியிருக்கிறதே, அதுதான். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் மூல உருவம் பெரும்பாலும் நசுங்கி உடைந்துவிடும். சிற்பியின் கை பட்டது அதோடு போயிற்று. மிச்சம் ரப்பரில் விழுந்த பள்ளம். அதில் முதலில் வார்த்தவற்றை வைத்து மறுபடி அச்சுகள் செய்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் உருவம் மயிரிழை சுருங்கும். கள்ளப் பிரதி எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அசலின் பக்கத்தில் நிறுத்தினால் பிரதி குட்டையாக நிற்கும்.

அச்சைச் சுழலும் மேடையில் வைத்து மூடினார். மோட்டார் உறுமியது. சிறு கரண்டியால் நடுக்குழியில் ஊற்ற, உருகிய உலோகம் சுழற்சியில் விளிம்புகளுக்கு ஓடுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திறந்தால் சக்கரம் போல ஆரங்கள், ஒவ்வொரு ஆரத்தின் நுனியிலும் ஒரு எலும்புக்கூடு. ஒவ்வொன்றாக ஒடித்தார். இரண்டு எலும்புக்கூடுகளுக்குக் கை இல்லை. பேசாமல் பானைக்குள் திரும்பப் போட்டார்.

நான் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். இணையத்தில் இதற்கு என்ன விலை போகிறது என்று சொல்லத் தொடங்கியதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டைவிரல் நகத்தால் கோப்ளினின் விலாவை மேலிருந்து கீழாகத் தடவினார்.

“அச்சு கிழம். பார், மேல்பாதியும் கீழ்பாதியும் சரியாக உட்காரவில்லை, படி விழுந்திருக்கிறது. ஓரத்துப் பிசிறைப் பார். அமுக்கம் போதவில்லை. ஈயத்தில் சூடு ஏறிப்போயிருக்கிறது, அதனால்தான் தோள் சொரசொரவென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானமாக இருக்கும்.”

“ஈட்டி முனை உடைந்துபோச்சு” என்றேன்.

“உடையவில்லை. வரவே இல்லை. முனையில் காற்று அடைபட்டிருக்கிறது. அச்சில் வழி வெட்டிவிட்டிருக்க வேண்டும். இதைப் பானையில் போட்டிருக்கணும். யாரோ அவசரத்தில் பையில் போட்டுவிட்டார்கள்.”

இத்தனை மாதமாக அந்த முனையில்லா ஈட்டிக்கு நான் ஒரு வீரக் கதை வைத்திருந்தேன்.

பைக்குள் இருந்த இதழைக் காட்டினேன். கோப்ளின்களுக்கென்றே பேர்போன கெவ் ஆடம்ஸ், பெரி இரட்டையர் என்று சிற்பிகளை இந்த விளையாட்டு உலகம் பேர் சொல்லிக் கொண்டாடுகிறது. இரட்டையரில் ஒருவரான மைக்கேல் பெரி, 1996இல் பிரான்சில் பழைய போர் ஒன்றை நடித்துக்காட்டும்போது பீரங்கி விபத்தில் வலக் கையை இழந்து, இடக் கையால் உருவம் செய்யப் பழகியதை ரசிகர்கள் எல்லாரும் அறிவார்கள். வண்ணம் பூசியவர் பெயர்கூட இதழ்களில் உண்டு. வார்த்தவர், பிசிறு நீக்கியவர், எண்ணிப் பையில் போட்டவர் பெயரை என் பெட்டியில் ஒரு இதழிலும் பார்த்ததில்லை. இதைச் சொன்னதற்கு அவர் பெரிதாக அசரவில்லை. “பிரஷர் குக்கரில் செய்தவன் பேரா போட்டிருக்கிறான்?” என்றார். இந்த விளையாட்டை ஒருநாள்கூட ஆடியதில்லையாம். பழைய நாட்களில் எது நினைவிருக்கிறது என்று கேட்டேன். விரல் நுனிச் சூடு, ரேடியோ, ரத்தப் பரிசோதனை.

கடைசியாகச் சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நாம் எல்லாவற்றையும் ஈயம் என்றுவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். கோப்ளினில் அதோடு கலந்திருப்பது காரீயம், விஷம். காரீயத்தோடு வேலை செய்பவர்களின் ரத்தத்தில் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு பிரிட்டனில் 1980இல் விதிகள் வந்தன. 1990களில் பெரிய கம்பெனிகள் காரீயத்தைக் கைவிட்டன. கையில் எடுத்ததும் தெரியும் அந்தக் கனம், பழைய ரசிகர்கள் சிலாகிக்கும் அந்தக் கனம், அதோடு போனது.

“அப்போது எங்களிடம் ஆளுக்கொரு எண் இருந்தது. எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும்” என்றார். தன் எண் என்னவென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோப்ளினைப் பானைக்கு மேலே ஆட்டிக் காட்டிச் சிரித்தார். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “பயப்படாதே. இதைப் போட்டால் என் பானைதான் கெடும். இப்போது காரீயம் சேர்ப்பதில்லை.” தீப்பெட்டிக்குள் அவரே வைத்து மூடினார்.

டீ போட்டாயிற்று என்று ஒரு குரல் வந்தது. கோப்பைக்குக் கை நீட்டினேன். மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி, மூலையிலிருந்த குழாயைக் காட்டினார்.

“முதலில் கையைக் கழுவு, டக். சோப்புப் போட்டு.”