கட்டத் தெரியாதவன்

கதை எழுதுகிறவனுக்கு முடிச்சுப் போடத் தெரியும் என்று உலகம் நம்புகிறது. முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாகத்தான் முப்பது வருஷங்களாக என் பிழைப்பு நடக்கிறது. ஆனால் கயிற்றிலே ஒரு முடிச்சை ஒழுங்காகப் போடத் தெரியாமல், அக்கா மகனின் கணுக்காலை முறித்துவிட்டு நடுத்தெருவில் நின்றவன் நான்.

பையனுக்கு மண்மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பைத்தியம். 'டர்ட் பைக்' என்று அந்த வண்டிக்குப் பெயர். மெலிந்த உடம்பு, நெட்டைக் கால், பல்லுப் பல்லாக நிற்கும் டயர். பட்டினி கிடந்த பந்தயக் குதிரை மாதிரி இருக்கும். முகப்பு விளக்குக் கிடையாது. நம்பர் பலகை கிடையாது. சாலையில் ஓட்ட அனுமதியும் கிடையாது. ஓடுவதற்கென்றே பிறந்த வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும்!

வாங்கப் பணம் கொடுத்தவன் நான். "தகப்பன் இல்லாத பிள்ளைடா. நீயே இப்படிச் செய்யலாமா?" என்று அக்கா கேட்டாள். தலைக்கவசம், மார்புக் கவசம், முழங்கால் கவசம் என்று நான் கவச புராணம் பாடி, "ஒன்றும் ஆகாது அக்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் பயிற்சிக்குக் கரூரிலிருந்து கோவைக்குக் கிளம்பினோம். 2005-ல் டாடா கம்பெனியார் 'ஏஸ்' என்று பெயரிட்டுக் கொண்டுவந்த சிறு லாரிக்கு நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள் அல்லவா? அதில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். பைக்கை ஏற்றி, சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நைலான் கயிற்றை ஹேண்டில் பாரில் சுற்றி ஒரு பக்கக் கம்பியில் கட்டினேன். கட்டியது போதாதென்று மனசு சொல்லிற்று. "நீ பின்னாலே உட்கார்ந்து கொஞ்சம் பிடித்துக்கொள்" என்றேன் பையனிடம். "சரி மாமா" என்று ஏறி உட்கார்ந்தான்.

காங்கேயம் தாண்டி ஒரு வேகத்தடை. குட்டி யானை குதித்தது. பைக்கின் முன் ஸ்பிரிங் அமுங்கிற்று. அந்த ஒரு கணத்தில் கயிறு தொய்ந்தது. தொய்ந்த கயிறு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நூறு கிலோ இரும்பு பையனின் கால்மேல் சாய்ந்தது.

மாவுக் கட்டு ஆறு வாரம். மைதானத்து மண்ணை மிதிக்கவே இல்லை அவன்! அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

கால் குணமான பிறகு பையன் மறுபடியும் புறப்பட்டான். அக்கா தடுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. இந்த முறை பந்தய வண்டிகளையே ஏற்றிப் பழகிய ஒரு டிரைவரைக் கோவையிலிருந்து வரவழைத்தேன். வயசானவர். என் நைலான் கயிற்றைப் பார்த்ததும், "இது கொடி கட்டித் துணி காயப் போடுறதுக்கு ஆகுமுங்க" என்று ஓரமாக வைத்தார்.

ஏற்றும் பலகையை முதலில் லாரியோடு கட்டினார். "ஏத்தும்போது பலகை நழுவித்தானுங்க பாதிப் பேர் விழறாங்க." பைக்கை நடுவாக நிறுத்தி, முன் சக்கரத்தை டிரைவர் அறைப் பக்கத்துத் தடுப்பில் நேராக முட்டவைத்தார். ஸ்டாண்டை மடக்கிவிட்டார். சைடு ஸ்டாண்டு சாய்ந்து நிற்பதற்கு. குலுங்கும் தரையில் அதுவே வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளுமாம். கியரில் விட்டார். பெட்ரோல் டேப்பை மூடினார்.

பிறகு ராட்செட் பெல்ட்டுகள் நான்கு. முன்னால் இரண்டு: ஹேண்டில் பாரின் இரு பக்கமும் மெத்தென்ற துணி வளையம் மாட்டி, அதிலிருந்து முன் மூலை இரண்டுக்கும் சரிவாக, கீழேயும் முன்னேயும் இழுக்கும்படி. பிரேக் குழாய், கேபிள் எதையும் பெல்ட் அழுத்தக் கூடாது. இடம் ஒரு இழுப்பு, வலம் ஒரு இழுப்பு என்று மாறி மாறி இறுக்கினார். முன் ஸ்பிரிங் பாதிவரை அமுங்கிற்று.

"முழுக்க அமுக்கிவிடலாமே?" என்றேன், புத்திசாலித்தனமாக.

"வேண்டாமுங்க. உள்ளே ஆயில் சீல் போயிரும். பாதி அமுக்கினா, அது மேலே வரப் பார்க்கும், பெல்ட்டு விடாது. ரெண்டும் மல்லுக்கட்டிட்டே இருந்தாத்தான் வண்டி நிக்கும். கொஞ்சங்கூட அமுக்காமக் கட்டினா, பள்ளத்திலே விழறப்ப பெல்ட்டு தொய்ஞ்சுரும்; கொக்கி கழண்டுரும்."

காங்கேயத்து வேகத்தடை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பின்னால் இரண்டு பெல்ட்டு, வால் ஆடாமல் இருப்பதற்கு. சுடுகிற சைலன்சரில் படாமல். தொங்கிய நுனிகளையும் சுருட்டிக் கட்டினார். பின்கதவைச் சாத்தினார்.

"பையன் பின்னாலே உட்காரட்டுமா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஆளு கயிறு இல்லீங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் அக்கா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தெரியாது. டிரைவருக்குக் கொண்டுவந்த மோரை அவரிடம் கொடுத்துவிட்டு, எக்கி, ஹேண்டில் பாரைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். பைக் ஆடவில்லை, குட்டி யானைதான் ஆடியது.

"இருபது கிலோமீட்டர் போனதும் ஒருக்கா நிறுத்திப் பார்க்கோணுமுங்க. பெல்ட்டு கொஞ்சம் இளகும்" என்றார் டிரைவர், மோரைக் குடித்துக்கொண்டே.

பையன் முன்னால் ஏறிக்கொண்டான். நானும் ஏறினேன். அக்கா கதவருகில் வந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தாள்:

"இருபதாவது கிலோமீட்டரிலே நிறுத்தணும். மறந்துடாதேடா."

மறக்கவில்லை. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இடப் பக்கத்துப் பெல்ட் இளகித்தான் இருந்தது. என் கையாலேயே ஓர் இழுப்பு இறுக்கினேன். பிறகு அக்காவுக்கு டெலிபோன் செய்து சொன்னேன்.