புகையை விட்ட புதிதில்

சுருட்டு, பீடி, சிகரெட் என எப்பெயரிட்டு அழைத்தாலும் உள்ளே உறைவது நிகோடின் என்னும் ஒரே நஞ்சுதான். அதை விடுவது மனவுறுதியின் காரியம் என்று நம்மவர் எளிதாய்ச் சொல்லிவிடுகிறார்கள். இருபது வருஷம் சிகரெட்டுடன் உறவாடி, பின் அதைத் துறந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உடம்புக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. தர்மலிங்கேசுவரர் மலைப் படிகளில் பாதியிலேயே எனக்கு மூச்சிரைக்க, "அப்பா, செத்த உட்காருங்க" என்று என் மகன் கைப்பிடித்த அன்று எடுத்த முடிவு அது.

இழுத்த புகையின் நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அது ஏறக்குறையப் பாதியாய்க் குறைய, மூளை மறுபடியும் கேட்கத் தொடங்குகிறது. ஆதலால் முதல் மூன்று நாட்களே மகா கஷ்டமானவை. தலை கனக்கும், உறக்கம் கலையும், விடைத்தாளில் எழுத்துக்கள் நில்லாமல் ஓடும். இரண்டாம் நாள் மாலை, "ஏனுங்க, பள்ளிக்கூடத்திலே யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?" என்று கேட்டாள் என் இல்லாள். என் மௌனமே பதிலாயிற்று.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மதுக்கரைவாசிகள் நன்கறிவார்கள். ஆடி மாதத்தில் தீக்குச்சி எரிந்து நில்லாது. சுவரோரம் ஒதுங்கி, இரு கைகளையும் குவித்துப் பற்றவைப்பது எங்களூர்ப் புகைப்பிரியர்களின் வித்தை. விட்ட பின்னரும் பல நாள் என் கைகள் தாமே குவிந்தன! ஆசை நாவில் மட்டுமன்றிக் கையிலும் குடியிருக்கிறது போலும்.

பொங்கிவரும் ஆசை சில நிமிஷங்களே நிற்கும். அந்நேரத்தில் கிராம்பு ஒன்றை வாயிலிட்டு, ஒரு செம்பு நீர் பருகி, தெருக்கோடி வரை நடந்து வருவேன். திரும்புமுன் அது தணிந்துவிடும்.

காப்பிப் பிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகைப்பவர் உடம்பில் காப்பியின் சாரம் விரைவில் கழிந்துவிடுகிறது. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் முன்னிலும் பலமாய் வேலை செய்கிறது. படபடப்பில் ஒரு பங்கு இதனால் வருவது. மாலைக் காப்பியை நிறுத்திய பிறகே எனக்கு உறக்கம் வந்தது.

காந்தியடிகள் சிறு பிராயத்தில் உறவினர் ஒருவருடன் பீடி குடித்ததையும், அதற்காக வேலைக்காரனின் காசைத் திருடியதையும் ‘சத்திய சோதனை’யில் ஒளியாமல் எழுதியிருக்கிறார். அவர் பால்யத்திலேயே விட்டுவிட்டார். நாற்பதைக் கடந்து விடுபவனின் பாடு வேறு. அத்தகையோர் துணை நாடுவதில் வெட்கம் என்ன? 2016-ல் தொடங்கிய அரசாங்கத் தொலைபேசி ஆலோசனையின் எண் 1800-11-2356 சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்படுகிறது. கடைசிப் பெட்டியை எறியுமுன் அத்துண்டை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.

நான்காம் வாரத்தில் ஆசை நாளுக்கு ஓரிரு முறையாய்க் குறைந்தது. சம்பள நாளன்று பெட்டிக்கடைக்காரர் பழக்கத்தால் சிகரெட்டை எடுத்து நீட்டினார். மகனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.